நெடுநேரமாக மூடியிருந்த சுவிட்ச்

பாளையங்கோட்டை,
வைகாசி 27.

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. நான் சுகம். முட்டுவலி மட்டும் மழைக்கு முன்னாலேயே வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்குப் போனில் "சர்க்யூட்ல அரியர் விழுந்துட்டு அத்தை" என்று சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாயே, அப்போதே எதையாவது சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் கையில் பென்சில் இல்லாமல் இந்தப் பாடம் வராது. முப்பது வருஷம் பாலிடெக்னிக் லேபில் பிள்ளைகளுக்கு வளைகோடு போட்டுக் காட்டிப் பழகிய கை. அதனால் மூன்று கிராஃப் தாளில் படம் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். அண்ணன் பிரித்துப் பார்த்து "என்னத்த கிறுக்கியிருக்கா?" என்று கேட்டால் கோலம் என்று சொல்லிவிடு.

மைனி அனுப்பிய உன் விடைத்தாள் நகலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். உனக்குக் கணக்கு வரவில்லை என்று யார் சொன்னது? அந்த 13 மார்க் கேள்விக்கு இரண்டு பக்கம் லாப்லாஸ் உருமாற்றம் போட்டிருக்கிறாய். ஒரு அடித்தல் இல்லை, ஒரு குறி தப்பவில்லை. ஆனால் முதல் வரியிலேயே வண்டி தடம் மாறிவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு ஒழுங்காக ஓட்டினாலும் தூத்துக்குடிக்குப் போக வேண்டியது தென்காசியில்தான் போய் நிற்கும்.

கேள்வியை எடுத்துக்கொள். எண்களை மட்டும் நம் வீட்டு டியூப்லைட் சோக்குக்குப் பொருந்துகிற மாதிரி மாற்றிக்கொள்கிறேன். ஏன் என்று பின்னால் தெரியும். 12 வோல்ட் பேட்டரி. ஒரு காயில், 1.4 ஹென்றி, அதன் கம்பிக்கே 40 ஓம் ரெசிஸ்டன்ஸ். சுவிட்ச் நெடுநேரமாக முதல் நிலையில் இருக்கிறது. காயில் பேட்டரியோடு சேர்ந்திருக்கிறது. அப்புறம் சுவிட்சை மறுபக்கம் தள்ளுகிறோம். பேட்டரி விலகுகிறது, காயிலின் குறுக்கே 1000 ஓம் ரெசிஸ்டர் வருகிறது. தள்ளிய அந்த நொடியில் காயிலில் ஓடும் கரண்ட் எவ்வளவு?

இந்த எண்களில் சொன்னால், நீ 12-ஐ 1040-ஆல் வகுத்து 11.5 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கிறாய். அதாவது சுவிட்ச் மாறினதும் காயில் புது ரெசிஸ்டரைப் பார்த்து, "சரி, இனிமேல் இவ்வளவுதான் ஓடலாம்" என்று உடனே அடங்கிவிட்டது உன் கணக்கில். காயில் அப்படி அடங்காது. அதற்குள் ஏற்கெனவே 12 வகுத்தல் 40, அதாவது 300 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கிறது. சுவிட்ச் மாறிய அடுத்த கணமும் அதே 300 மில்லி ஆம்பியர்தான் ஓடும். 1000 ஓம் வழியாக 0.3 ஆம்பியர் போனால் அதன் இரண்டு முனைக்கும் நடுவே எத்தனை வோல்ட்? 300. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியையும் கழற்றியாயிற்று; வந்து நிற்பது முந்நூறு வோல்ட். இந்த இடத்தில் உனக்குக் கொஞ்சம் பயம் வந்தால் பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

எனக்கு ஏறிய கதையைச் சொல்கிறேன். லேபில் சேர்ந்த புதிது. ஒரு மூட்டை பழைய சோக்குகளைக் கொண்டுவந்து போட்டு, எதெது உள்ளே கம்பி அறுந்தது என்று பிரிக்கச் சொன்னார்கள். மீட்டரை வேறு யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். நான் என் புத்தியைக் காட்டினேன்: சோக்கின் இரண்டு வயரையும் இரண்டு கையில் பிடித்து, 12 வோல்ட் பேட்டரியின் முனைகளில் தொட்டு எடுத்தால், பொறி வந்தால் நல்லது, வராவிட்டால் அறுந்தது. தொடும்போது ஒன்றும் தெரியவில்லை. பன்னிரண்டு வோல்ட் விரலுக்கு என்ன தெரியும்? எடுத்தேன் பார், இரண்டு தோளையும் யாரோ கட்டையால் ஒரே நேரத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஸ்டூலோடு பின்னால் போய் அலமாரியில் மோதினேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "பன்னெண்டு வோல்ட்டுக்கா இந்தக் கூப்பாடு?" என்று சிரித்தார். அவர் ஒரு தடவை பிடித்துப் பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்.

நம் கேள்வியில் வந்த 1000 ஓம் ரெசிஸ்டர் அன்றைக்கு நான்தான். காயில் தன் கரண்டை விடாமல் தள்ளியது. பேட்டரி வழி போய்விட்டது. மீதி இருந்த வழி என் கை, நெஞ்சு, மறு கை. அந்தக் காயிலில் எவ்வளவு சக்தி இருந்திருக்கும் என்று பிற்பாடு கணக்குப் போட்டேன். ஹென்றியில் பாதியைக் கரண்டின் இருமடியால் பெருக்கினால் 0.063 ஜூல். நூறு கிராம் படிக்கல்லை ஆறு சென்டிமீட்டர் தூக்குகிற அளவு, அவ்வளவுதான். ஆனால் அதைச் சேர்த்துக்கொள்ள அது எடுத்த நேரமும் கொட்டித் தீர்த்த நேரமும் வேறு வேறு. சேரும்போது 1.4-ஐ 40-ஆல் வகுக்க வேண்டும்: 35 மில்லி செகண்ட். கொட்டும்போது 1040-ஆல்: ஒன்றரை மில்லி செகண்டுகூட இல்லை. ஒரே காயில்தான், எதிரே நிற்கிற ரெசிஸ்டன்ஸ் மாறினால் அதன் வேகமும் மாறும். எல்-ஐ ஆர்-ஆல் வகுப்பது என்று புத்தகத்தில் ஒரு வரியில் இருப்பது இதுதான்.

டியூப்லைட் எரிவதே இந்தக் குணத்தால்தான். ஸ்டார்ட்டர் என்று அந்தச் சின்ன டப்பிக்குள் ஒரு கண்ணாடிக் குமிழ், அதற்குள் சூட்டில் வளைகிற இரட்டை உலோகத் தகடு. தகடு வளைந்து ஒட்டும்போது சோக் வழியாகக் கரண்ட் ஓடிக் குழாயின் இரண்டு பக்க இழைகளும் சிவக்கும். தகடு ஆறி விலகுகிற அந்தக் கணத்தில் சோக் தன் கரண்டை விடமாட்டேன் என்று முரண்டு பிடிக்க, பல நூறு வோல்ட் எழும்பிக் குழாய்க்குள் இருக்கிற வாயுவைக் கிழித்துக்கொண்டு போகும். "டிங் டிங்" என்று இரண்டு மூன்று தடவை மினுங்கிவிட்டு எரிகிறதே, அந்த மினுங்கல்கள் விலகிய கணம் சரியாக வாய்க்காத தடவைகள். 50 சைக்கிள் சப்ளையில் கரண்ட் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது தகடு விலகினால் சோக்கில் கையிருப்பு இல்லை, உதையும் இல்லை. உங்கள் ஹாஸ்டலில் எல்லாம் எல்.இ.டி.யாக இருக்கும். என் அடுப்படியில் இன்னும் பழையதுதான் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம் மாற்றச் சொல்கிறார்கள், எனக்கு மனசில்லை.

காயிலை நான் எப்போதும் நம் நெல்லையப்பர் தேரை வைத்துத்தான் சொல்வேன். வடம் பிடித்து எத்தனை பேர் இழுத்தாலும், இழுத்த அந்த நொடியில் தேர் ஓடாது. மெதுவாக வேகம் பிடிக்கும். இழுப்புதான் வோல்டேஜ், வேகம்தான் கரண்ட். ஓடுகிற தேரைத் திடீரென்று நிறுத்தப் பார்த்தால் என்ன ஆகும் என்பதைச் சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுகிறவர்களிடம் கேட்க வேண்டும். அவர்கள் கட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுப்பார்கள். ரிலே காயிலுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு 1என்4007 டயோடு போடுகிறோமே, அதுவும் அந்தக் கட்டை மாதிரிதான். சுவிட்ச் திறந்ததும் கரண்டுக்கு ஒரு சுற்றுப் பாதை கொடுத்துச் சாவகாசமாக அடங்க விடுகிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு: ரிலே விடுபடுவது சற்றுத் தாமதமாகும். பிள்ளைகள் பலர் அந்த டயோடை "சேஃப்டிக்கு" என்று மட்டும் எழுதிவிட்டுப் போவார்கள். எதற்கு எதிலிருந்து சேஃப்டி என்று கேட்டால் விழிப்பார்கள்.

இனி கண்டன்சர். நீங்கள் கெப்பாசிட்டர் என்கிறீர்கள். ஃபேன் மெக்கானிக்கும் நானும் கண்டன்சர்தான். பள்ளிக்கூடப் புத்தகத்துச் சொல் "மின்தேக்கி" என்பதுதான் இந்த மூன்றிலும் எனக்குப் பிடித்தது. தேங்கினது ஒரே நொடியில் வற்றாது, வற்றினது ஒரே நொடியில் தேங்காது என்பது பெயரிலேயே இருக்கிறது. காயில் கரண்டை விடாது என்றால், இது வோல்டேஜை விடாது.

நம் ஊர்க் கிணறு ஞாபகம் இருக்கிறதா? உன் தாத்தா ராத்திரி மோட்டார் போட்டுத் தரை தெரிய இறைத்துவிடுவார். அப்புறம் ஊற ஆரம்பிக்கும். நான் சின்னப் பிள்ளையில் படியில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். முதல் மணி நேரத்தில் நாலு படி மூழ்கும், அடுத்த மணி நேரத்தில் இரண்டு, அதற்கடுத்தது ஒன்று, விடிய விடியப் பார்த்தாலும் கடைசி அரைப்படி நகர்வது கண்ணுக்குத் தெரியாது. ஊற்று களைத்துப் போனதால் அல்ல. மண்ணுக்குள் இருக்கிற நீர்மட்டத்துக்கும் கிணற்றுக்குள் இருக்கிற மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. தண்ணீர் ஏற ஏற அந்த வித்தியாசமே குறைகிறது. ரெசிஸ்டர் வழியாகக் கண்டன்சர் நிரம்புவது அச்சாக இதே கதை. மண்ணின் இறுக்கம் ஆர், கிணற்றின் அகலம் சி. இரண்டையும் பெருக்கினால் வருவது காலமாறிலி. ஒரு காலமாறிலியில் 63.2 சதவீதம் நிரம்பும், இரண்டில் 86.5, மூன்றில் 95, ஐந்தில் 99.3. முதல் கிராஃப் தாளில் இந்தப் புள்ளிகளைச் சிவப்பு மையில் வைத்திருக்கிறேன். ஆரம்பப் புள்ளியில் ஒரு தொடுகோடும் போட்டிருக்கிறேன் பார். அது மேல்கோட்டைத் தொடுகிற இடம் சரியாக ஒரு காலமாறிலி. தொடங்கிய வேகத்திலேயே போயிருந்தால் அங்கே நிரம்பி முடிந்திருக்கும்.

இப்போது அந்தக் கேள்வித்தாள் சொல்லுக்கு வா: "நெடுநேரமாக." நீ அதை ஏதோ கதை சொல்கிறவர்கள் போடுகிற "ஒரு ஊரில்" மாதிரி நினைத்துத் தாண்டிப் போய்விட்டாய். ஏட்டி, கேள்வியின் உயிரே அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. ஐந்து காலமாறிலி தாண்டியாயிற்று, சர்க்யூட் அடங்கி உட்கார்ந்துவிட்டது, அது உட்கார்ந்திருக்கிற இடத்தைப் போய்ப் பார்த்துக் குறித்துக்கொள் என்று கேள்வி கேட்டவர் உனக்குச் சொல்கிறார். நெடுநேரம் என்பது கடிகாரத்து நேரமும் இல்லை. 1000 ஓமும் ஒரு நானோ ஃபாரடும் சேர்ந்தால் ஐந்து மைக்ரோ செகண்டே அதற்கு ஒரு யுகம். பழைய டிவியின் பவர் சப்ளையில் 220 மைக்ரோ ஃபாரட் கண்டன்சரும் அதைக் காலி செய்ய 470 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இருந்தால் காலமாறிலி 103 செகண்ட். ஐந்து மடங்கு எட்டரை நிமிஷத்துக்கு மேல். பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்று உடனே மூடியைத் திறந்து கையை விடுகிறவன், சர்க்யூட்டின் நேரத்தைத் தன் நேரம் என்று நினைத்துக்கொண்டவன். 325 வோல்ட்டில் அந்தக் கண்டன்சர் வைத்திருப்பது பதினொன்றரை ஜூலுக்கு மேல். என்னை ஸ்டூலோடு தள்ளியது அதில் நூற்றெண்பதில் ஒரு பங்குகூட இல்லை என்பதைச் சேர்த்துப் படி.

அதிலும் ஒரு வினோதம் உண்டு; உன் சிலபஸில் இருக்காது. பெரிய ஹை வோல்டேஜ் கண்டன்சரை முழுக்க டிஸ்சார்ஜ் செய்து, இரண்டு முனையையும் கம்பியால் சேர்த்து, பூஜ்யம் என்று மீட்டரில் பார்த்துவிட்டுக் கம்பியை எடுத்து வைத்துவிடு. கொஞ்ச நேரம் கழித்து வந்து அளந்தால் வோல்ட் இருக்கும். தகடுகளுக்கு நடுவில் இருக்கிற பொருள் உறிஞ்சி வைத்திருந்த மின்னேற்றத்தை மெதுவாகத் திருப்பிக் கொடுக்கிறது. பாத்திரம் கழுவின ஸ்பாஞ்சைப் பிழிந்து வைத்தாலும் அடியில் ஈரம் கோர்க்குமே, அது மாதிரி. அதனால்தான் பெரிய கண்டன்சர்களை முனைகளுக்குக் குறுக்கே கம்பி கட்டியே அலமாரியில் வைப்பார்கள். எங்கள் லேபில் அப்படி ஒன்று கம்பியோடு பத்து வருஷம் இருந்தது. புதிதாக வந்த ஒரு பையன், "இது என்ன மேடம், குப்பை மாதிரி" என்று கம்பியை உருவப் போனான். கையில் அடித்து நிறுத்தினேன்.

ஆக, எழுத உட்காரும்போது முதலில் இரண்டே இரண்டு கேள்வி: சுவிட்ச் மாறுவதற்கு ஒரு கணம் முன்னால் காயிலில் எத்தனை ஆம்பியர்? கண்டன்சரில் எத்தனை வோல்ட்? பேட்டரி நேற்று மாட்டியதா, போன வருஷம் மாட்டியதா, நடுவில் யாராவது நாலு தடவை அணைத்துப் போட்டார்களா, எதுவும் வேண்டாம். அந்தப் பூர்வீகம் முழுக்க இந்த இரண்டு எண்ணுக்குள் அடங்கிப்போயிருக்கும். இதைத் தெரிந்துகொண்டவன்தான் மீதிக் கணக்குக்கு அருகதை உள்ளவன். லாப்லாஸ் உன் ஊர்ச் சாமி மாதிரி. நீ படைத்ததைத்தான் பிரசாதமாகத் திருப்பித் தருவார். 11.5-ஐப் படைத்தால் 11.5-ல் தொடங்குகிற அழகான தவறான விடை வரும்.

"சுவிட்ச் போட்ட கணத்தில் காயில் ஓப்பன், கண்டன்சர் ஷார்ட், ரொம்ப நேரம் கழித்துக் காயில் ஷார்ட், கண்டன்சர் ஓப்பன்" என்று ஒரு அட்டவணையை உங்கள் நோட்ஸ்காரர்கள் கொடுத்திருப்பார்கள். அதை மனப்பாடம் செய்யாதே. முதல் பாதி, இரண்டும் வெறுமையாக இருந்தால் மட்டும்தான் செல்லும். லேப்டாப் சார்ஜரை சாக்கெட்டில் சொருகும்போது சில சமயம் "சடக்" என்று பொறி பறக்கிறதே, அது வெறும் வயிற்றோடு இருக்கிற கண்டன்சர் முதல் கணத்தில் ஷார்ட் மாதிரி நடந்துகொள்வது. பிடுங்கி உடனே திரும்பச் சொருகிப் பார், அவ்வளவு பொறி இருக்காது. உள்ளே கையிருப்பு இருக்கிறது. அட்டவணையில் இந்த இரண்டாவது தடவைக்கு வரி இல்லை.

இப்போது இரண்டையும் ஒன்றாகப் போடுவோம். இங்கே கிணறும் தேரும் எனக்கு உதவாது. இரண்டையும் கட்டி இழுத்தால் உவமை நொண்டும். நேரே லேபுக்குப் போய்விடலாம். இரண்டாவது கிராஃப் தாள்.

100 மில்லி ஹென்றி காயில், 0.1 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர், ஒரு டிகேட் ரெசிஸ்டன்ஸ் பெட்டி, எல்லாம் தொடராக. ஃபங்ஷன் ஜெனரேட்டரில் இருந்து 50 சைக்கிள் சதுர அலை, பூஜ்யத்துக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே. கண்டன்சரின் குறுக்கே சி.ஆர்.ஓ., அதாவது வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாகக் காட்டுகிற கருவி. ரெசிஸ்டன்ஸ் பெட்டியில் 90 ஓம் வைத்தால் திரையில் என்ன வரும்? 5 வோல்ட் கொடுத்த இடத்தில் கோடு 8.65-க்கு எகிறும், பிறகு 2.34-க்கு இறங்கும், மறுபடி 6.94-க்கு ஏறும். ஒவ்வொரு பாதி ஆட்டத்துக்கும் 0.316 மில்லி செகண்ட். வாழைத் தண்டை வளைத்து விட்ட மாதிரி ஆடி ஆடி 5-ல் வந்து நிற்கும். 5 வோல்ட் வந்ததும் ஏன் நிற்கவில்லை? கண்டன்சர் நிறைந்துவிட்டது, சரி. ஆனால் அந்தக் கணத்தில் காயிலில் கரண்ட் உச்சத்துக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது விடாது. நிறைந்த குடத்திலும் ஊற்றிக்கொண்டே இருக்கும். தன் கையிருப்பு தீர்ந்த பிறகுதான் விடும். அதற்குள் கண்டன்சர் எட்டரையைத் தாண்டியிருக்கும். இப்போது கண்டன்சர் முறை, அது திருப்பித் தள்ளும். ஒவ்வொரு முறையும் ரெசிஸ்டர் தன் கமிஷனைச் சூடாக எடுத்துக்கொள்வதால் ஆட்டம் சிறுத்துக்கொண்டே வரும்.

பெட்டியில் 90 ஓம்தானே என்று அதை வைத்துக் கணக்குப் போட்டால் 9.3 வோல்ட்டுக்கு எகிற வேண்டும். திரையில் 8.65-தான் இருக்கும். வருஷா வருஷம் பிள்ளைகள் இந்த இடத்தில் தவறாமல் ஒன்று செய்வார்கள்: திரையைப் பார்க்காமல் 9.3 என்றே அப்சர்வேஷனில் எழுதிவிடுவார்கள். போன வருஷத்து ரெக்கார்டிலும் அதுதான் இருக்கும். எனக்கு வந்த கோபத்தில் பாதி இதற்குத்தான் போயிருக்கும். ஜெனரேட்டருக்குள்ளேயே 50 ஓம் இருக்கிறது; அந்தக் காயிலின் கம்பிக்கு 60 ஓம். மொத்தம் 200. அதைச் சேர்த்தால் திரையில் இருப்பதும் தாளில் இருப்பதும் ஒன்றாகிவிடும். மீட்டரும் திரையும் பொய் சொல்வது குறைவு. நாம் எண்ண மறந்த ஓம்தான் அதிகம்.

சரி, பெட்டியைத் திருகி மொத்தத்தை 2000 ஓமுக்குக் கொண்டுபோ. எல்-ஐ சி-யால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருகிற எண் இது. ஆட்டம் அறவே நின்றுவிடும். கோடு ஒரு தடவைகூட 5-ஐத் தாண்டாமல் நேரே போய்ப் படுத்துக்கொள்ளும், 0.66 மில்லி செகண்டில் 99 சதவீதம். இன்னும் திருகி 20,000 ஓம் வை. ரெசிஸ்டர் அதிகமானால் இன்னும் சீக்கிரம் அடங்கும் என்றுதானே தோன்றுகிறது? இல்லை. 99 சதவீதம் வர 9 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். கிணறு திரும்பி வந்துவிட்டது. காயில் இருக்கிற இடமே தெரியாமல் வெறும் ஆர்-சி மாதிரி இழுத்துக்கொண்டு கிடக்கும். ஆடிக்கொண்டிருந்த 200 ஓமிலும் ஒரு சதவீதத்துக்குள் அடங்க நாலரை மில்லி செகண்ட் ஆகிறது. இரண்டு பக்கமும் தாமதம், நடுவில் ஒரே ஒரு இடத்தில் வேகம். அந்தத் திருகியைத் திருகும்போது கோடு ஆட்டத்தை விட்டுச் சட்டென்று நிமிர்கிற இடம் இருக்கிறதே, முப்பது வருஷம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

இதை முதன்முதலில் சமன்பாடாக எழுதினவரிடம் சி.ஆர்.ஓ. கிடையாது என்பதை நினைத்துப் பார். அந்தக் காலத்தில் கண்டன்சர் என்றால் லெய்டன் ஜாடி, தகடு ஒட்டிய கண்ணாடிக் குடுவை. அதன் மின்சாரத்தை ஒரு ஊசியைச் சுற்றிய கம்பி வழியாகப் பாய்ச்சினால் ஊசி காந்தமாகும். எந்த முனை வடக்காக வேண்டும் என்பது திட்டம். ஆனால் சில தடவை தலைகீழாகக் காந்தமானது. பிரான்சில் ஃபெலிக்ஸ் சவாரி 1820-களிலேயே இதைப் பார்த்து, மின்சாரம் முன்னும் பின்னும் போய் வருகிறதோ என்று சந்தேகப்பட்டார். 1842-ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் ஜோசப் ஹென்றி அதே முடிவுக்கு வந்தார். நாம் காயிலுக்குச் சொல்கிற ஹென்றி அவர் பெயர்தான். ஒரு சாதாரணத் தையல் ஊசி மாதிரி ஒன்று தலைகீழாக நின்றதை, "பரிசோதனையில் பிழை" என்று தூக்கிப் போடாமல் உட்கார்ந்து யோசித்த மனுஷர்கள். என் லேபில் இருந்திருந்தால் 9.3 என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

1853-ல் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, முப்பது வயதுகூட ஆகாதவர், கணக்காக எழுதிவிட்டார்: ரெசிஸ்டன்ஸ் இந்த அளவுக்குக் கீழே இருந்தால் ஆடும், மேலே இருந்தால் ஆடாது. நீ இன்று போடுகிற அதே இருபடிச் சமன்பாடு. அடுத்த சில வருஷங்களில் ஜெர்மனியில் லைப்சிக் நகரில் ஃபெடர்சன் என்பவர் ஜாடியின் பொறியை வேகமாகச் சுழலும் கண்ணாடியில் பிரதிபலிக்க வைத்துப் போட்டோ எடுத்தார். கண்ணுக்கு ஒரே மின்னலாகத் தெரிகிற பொறி, போட்டோவில் வெளிச்சமும் இருட்டுமாக வரி வரியாக விரிந்தது. கணக்கில் இருந்த ஆட்டம் கண்ணுக்கும் வந்துவிட்டது.

உன் கைக்கு வருகிறேன். மூன்றாவது தாளில் ஆறு சர்க்யூட் வரைந்திருக்கிறேன். எதையும் தீர்க்காதே. ஒவ்வொன்றுக்கும் சுவிட்ச் மாறுவதற்கு முந்தைய கணமும் அடுத்த கணமும் மட்டும் எழுது: காயிலில் எவ்வளவு, கண்டன்சரில் எவ்வளவு. நாலாவதில் ஒரு வில்லங்கம் வைத்திருக்கிறேன்; அதில் "நெடுநேரமாக" என்பதை வேண்டுமென்றே எழுதவில்லை, மூன்று மில்லி செகண்ட் என்றுதான் போட்டிருக்கிறேன். லாப்லாஸ் பக்கம் போகாமலே ஆறையும் முடித்துப் போட்டோ எடுத்து அனுப்பு. அது சரியாக வந்தால் மீதி உனக்குத் தானாக வரும். அந்த இரண்டு பக்கத்தைப் பார்த்த பிறகு எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆனித் தேருக்கு வந்துவிடு. அரியர் பரீட்சைக்கு அப்போதும் நாள் இருக்கும். லேபில் ஏலம் விட்டபோது நான் எடுத்த சி.ஆர்.ஓ. பரணில் இருக்கிறது, அண்ணன் வந்தால் இறக்கித் தரச் சொல்கிறேன், எனக்கு ஏணி ஏற முடியாது. ஜெனரேட்டர் இல்லை, ஒரு 555 ஐ.சி.யை வைத்துச் சதுர அலை எடுத்துக்கொள்ளலாம். சென்னையில் ரிச்சி தெருப் பக்கம் போனால் 0.1 மைக்ரோ ஃபாரட் பாலியெஸ்டர் கண்டன்சர் நாலு வாங்கி வா. 5 கிலோ ஓம் பிரீசெட் இரண்டும் வாங்கு. டிகேட் பெட்டிக்குப் பதில் அதைத் திருகலாம். காயில் என்னிடம் இருக்கிறது.

சோக்கும் இருக்கிறது. அந்தப் பழைய மூட்டையில் ஒன்று. பேட்டரியில் தொட்டுக் காட்டுகிறேன், பொறியைப் பார்க்கலாம். வயரை எடுக்கும்போது மட்டும் ரப்பர் இருக்கிற இடத்தைப் பிடி, என்ன?

மைனிக்கும் அண்ணனுக்கும் என் அன்பு.

உன்
அத்தை